இதய மருந்துகளைத் தரும் முன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய்) உள்ள முதியவர் ஒருவருக்கு, துடிப்பைக் குறைக்கும் டிஜாக்ஸின் 0.25 மில்லிகிராம் எழுதியிருக்கிறார்கள். மணிக்கட்டில் 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குகிறோம். ஆக்ஸிமீட்டரும் ஓர் எண்ணைக் காட்டுகிறது. காலை நேர நெருக்கடியில், ஸ்டெதஸ்கோப் வைத்து முழு நிமிடமும் எண்ணத்தான் வேண்டுமா?
– செவிலியர், தஞ்சாவூர்

பதில்: எண்ணத்தான் வேண்டும். இந்த நோயில் துடிப்புகள் தாறுமாறான இடைவெளியில் வருவதால், சில துடிப்புகள் கீழறையில் இரத்தம் நிரம்புவதற்குள்ளேயே நிகழ்ந்து, மணிக்கட்டை எட்டாமல் போய்விடுகின்றன. இடப்பக்கம், ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுப்பகுதிக்கு நேர் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் 78 கேட்கும் அதே நோயாளிக்கு மணிக்கட்டில் 56 மட்டுமே தட்டுப்படலாம். ஆக்ஸிமீட்டரும் விரலை எட்டிய துடிப்பைத்தான் எண்ணுகிறது. அதை நம்பினால், தர வேண்டிய மருந்தை நிறுத்திவிடுவீர்கள்.

பெரியவர்களுக்கு இதயத் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவிப்பதே பொதுவான நடைமுறை. மருத்துவர் வேறு எல்லை குறித்திருந்தால் அதுவே செல்லும். எண்ணிக்கையைப் போலவே தாளத்தையும் கவனியுங்கள். நேற்றுவரை ஒழுங்கற்று இருந்த துடிப்பு இன்று மெதுவாகவும் ஒரே சீராகவும் கேட்டால், நோய் குணமாகிறது என்று மகிழ்ந்து மாத்திரையைத் தந்துவிடக் கூடாது. டிஜாக்ஸின் நஞ்சாகி, மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லும் மின்தூண்டலைத் தடுத்திருக்கலாம் என்பதால், உடனே ஈ.சி.ஜி. எடுக்க ஏற்பாடு செய்து மருத்துவரை அழையுங்கள்.

சிறுநீரைப் பெருக்கி, அதனுடன் பொட்டாசியத்தையும் வெளியேற்றும் ஃப்ரூசமைடு மருந்தும் சேர்ந்து நடந்துகொண்டிருந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பாருங்கள். அது 3.5 mEq/L-க்குக் கீழே இறங்கினால், வழக்கமான அளவு டிஜாக்ஸினே நஞ்சாக மாறக்கூடும். சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களின் உடலில் இந்த மருந்து தேங்கும். காலை இட்லியை வேண்டாமென்று ஒதுக்குவதும், குமட்டல் என்பதும், விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்பதும் முதுமையின் புலம்பல்கள் அல்ல. கேஸ் ஷீட்டில் ஏற வேண்டிய செய்திகள்.

நம் மருத்துவமனைகளில் இம்மருந்தை வாரத்தில் 5 நாள் மட்டும் தரும்படி எழுதும் வழக்கம் உண்டு. எந்த இரண்டு நாட்கள் விடுப்பு என்பதைக் கேட்டு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்திய வேளைக்கான கட்டத்தை வெறுமையாக விடாமல், துடிப்பு, நேரம், காரணம், யாரிடம் சொன்னீர்கள் என்பவற்றைக் குறியுங்கள். வெற்றுக் கட்டத்தைப் பார்க்கும் அடுத்த ஷிஃப்ட் செவிலியர், மருந்து விட்டுப்போனதென்று எண்ணித் தந்துவிட வாய்ப்பிருக்கிறது.

கேள்வி: இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியில் தவறு நேர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– செவிலிய மாணவி, மதுரை

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 5 மில்லி வையல் (மருந்துக் குப்பி) இரு வலிமைகளில் வருகிறது: ஒன்றில் மில்லிக்கு 1,000 யூனிட், மற்றதில் மில்லிக்கு 5,000. ஆகவே 5,000 யூனிட் என்ற உத்தரவுக்கு முதல் வையலில் 5 மில்லியும், இரண்டாவதில் 1 மில்லியும் எடுக்க வேண்டும். லேபிளில் 5,000 என்ற எண்ணை மட்டும் கண்டு, வலிமை மிக்க வையலை முழுவதும் உறிஞ்சினால் 25,000 யூனிட் உள்ளே போய்விடும். ‘மில்லிக்கு’ என்ற சொல்லை வாய்விட்டுப் படியுங்கள். இன்னொரு செவிலியர் சரிபார்க்கும்போது, உங்கள் விடையைச் சொல்லாமல் அவரையே கணக்கிடச் சொல்லுங்கள். விடையைச் சொன்ன பிறகு கேட்டால் பெரும்பாலும் தலையசைப்புதான் கிடைக்கும்; அதைச் சரிபார்ப்பு என்று நான் ஏற்பதில்லை.

கேள்வி: மூக்குக் குழாய் வழியே உணவு பெறும் என் தந்தைக்கு, மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். மாத்திரையைப் பொடித்துக் கரைத்துத் தரலாமா?
– வாசகர், கோவை

பதில்: கூடாது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரைய வேண்டிய மருந்து, பொடித்தால் ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்து, துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் திடீரெனக் குறைத்துவிடும். நீங்களாக நிறுத்திவிடுவதும் ஆபத்தே. குழாய் வழியே தரத்தக்க சாதாரண வகைக்கு மாற்றி, வேளைகளையும் புதிதாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் இன்றே கேளுங்கள்.