பழையது இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாக, சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வாழும் 'சஸ்டெய்னபிள் லிவிங்' முறைக்கு மாற முயன்று வருகிறேன். வீட்டிலிருந்த பிளாஸ்டிக் டப்பாக்களை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடி ஜாடிகள் வாங்கினேன். மூங்கில் பல்துலக்கி, ஆர்கானிக் பருத்திப் பைகள் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். செலவு கையை மீறிப் போகிறது. ஏசி போடும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி. "பாதிக் கேட்டைப் பணக்காரர்கள் செய்கிறார்கள், நீ பிரஷ்ஷை மாற்றி என்ன ஆகப்போகிறது?" என்று கணவர் சிரிக்கிறார். மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்த வாழ்க்கை உண்மையிலேயே சாத்தியமா? நகரத்தை விட்டு, நிலம் வாங்கிக்கொண்டு போய்விடுவதுதான் ஒரே வழியா?

ம.

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போகாதீர்கள். விவசாயம் தெரிந்து, அதில் ஆசையும் இருந்தால் போகலாம். உலகத்தைக் காப்பாற்றுவதற்காக யாரும் நிலம் வாங்க வேண்டாம். எண்ணூறு கோடிப் பேர் ஆளுக்கொரு தோட்டம் போட்டு ஒதுங்க இங்கே இடமில்லை.

ஏசி. வெக்கை தாங்காத இரவில் தூங்குவதற்கு எதற்குக் குற்ற உணர்ச்சி? 26-இல் வைத்துவிட்டுத் தூங்குங்கள். மூங்கில் பல்துலக்கி பற்றி எனக்கு எந்தக் கருத்தும் இல்லை.

உங்கள் கணவர் சொல்லும் கணக்கு சரிதான். 1990 முதல் 2015 வரை வெளியேறிய கார்பனில் 52 சதவீதத்துக்கு உலகின் மேல்தட்டுப் பத்து சதவீதம் பேர் காரணம், கீழ்ப்பாதி மக்களின் பங்கு வெறும் 7 சதவீதம் என்று ஆக்ஸ்ஃபாம் தொண்டு அமைப்பின் அறிக்கை சொல்கிறது. ஆனால் சரியான கணக்கைச் சொல்லிவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொள்வது சோம்பேறித்தனம். அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

அந்தக் குற்ற உணர்ச்சி உங்கள் தலையில் எப்படி ஏறியது என்று யோசித்தீர்களா? மனிதன் பூமியில் பதிக்கும் தடத்தை அளக்கும் யோசனையை 1990-களில் கனடாவில் வில்லியம் ரீஸும் மத்தியாஸ் வேக்கர்நாகலும் முன்வைத்தார்கள். அது ஆய்வாளர்களின் கருவி. அதை, ஒருவரால் எவ்வளவு கார்பன் வெளியேறுகிறது என்று பார்க்கும் 'கார்பன் தடம்' ஆக்கி, "உங்கள் தடம் எவ்வளவு?" என்று வீடுவீடாகக் கேட்க வைத்ததில் பெரும்பங்கு பிபி என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு உண்டு. 2004-இல் அதற்கென ஒரு கணிப்பானையே தன் இணையதளத்தில் வைத்தது. பெட்ரோல் விற்கிறவன் உங்களைப் பார்த்து "நீங்கள் எவ்வளவு எரிக்கிறீர்கள்?" என்று கேட்கிறான். நாமும் பயபக்தியோடு கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, இப்போது திட்டப் போகிறேன். நல்ல டப்பாக்களை எதற்கம்மா தூக்கிப் போட்டீர்கள்? அவற்றைச் செய்ய எடுத்த எண்ணெயும் மின்சாரமும் செலவாகி முடிந்துவிட்டன. அவை உங்கள் அலமாரியில் இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. தூக்கிப் போட்ட நிமிடத்தில் குப்பை. அவற்றின் இடத்தில் வந்த கண்ணாடி, உலையில் உருகிப் புதிதாகப் பிறந்தது. பைகளும் அப்படித்தான். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் ஒரு கணக்குப் போட்டது. சாதாரணப் பருத்திப் பை, மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருவநிலைக்கு நல்லது என்று ஆக 52 முறையாவது பயன்பட வேண்டும். ஆர்கானிக் பருத்தி என்றால் 149 முறை. தண்ணீர் முதலான மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது. துணிப்பையை நான் குறை சொல்லவில்லை. ஒன்று போதும், அது கிழியும்வரை. உங்களிடம் எத்தனை இருக்கின்றன என்று நான் கேட்கப் போவதில்லை.

நீங்கள் மாறியதாகச் சொல்லும் ஒவ்வொன்றும் வாங்கியதாகவே இருக்கிறது. செலவு கையை மீறாமல் என்ன செய்யும்?

கொஞ்ச காலமாகவே என் மண்டைக்குள் ஓடுவது இதுதான். சாதாரண மக்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள இதில் அதிகமில்லை. தெரிந்திருந்ததை நம் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறார்கள். என் அம்மா, அப்பாவின் சட்டைக் காலரைத் திருப்பித் தைப்பாள். காலர் மடிப்பில்தானே முதலில் நைந்துபோகும்? பழைய பிளேடால் தையலை ஒவ்வொரு கண்ணாக அறுத்துக் காலரைத் தனியே எடுத்து, நூல் பிசிறுகளைப் பொறுக்கிவிட்டு, நைந்த பக்கம் உள்ளே போகும்படி புரட்டிவைத்து மறுபடி தைப்பாள். பார்த்தால் புதுக் காலர். உடனே வறுமையைக் கொண்டாடுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். துவைத்துத் துவைத்து அவள் விரல் நுனி வெடித்திருக்கும். வாஷிங் மெஷின் வந்த நாள் எங்கள் வீட்டில் திருநாள்.

இப்போது என் வீட்டில் இருக்கும் வாஷிங் மெஷின் சில மாதங்களுக்கு முன் விமானம் கிளம்புவதுபோலச் சத்தம் போட ஆரம்பித்தது. கம்பெனி ஆள் வந்து பார்த்தார். பேரிங் போய்விட்டதாம். உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்பு வளையம். ஆனால் அது இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியை இரண்டு பாதிகளாகச் செய்து, சூடாக்கி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு ஸ்க்ரூகூட இல்லை. "தொட்டியோட மொத்தமா மாத்தணும் சார். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்." மோட்டார் நன்றாக இருக்கிறது, டிரம் நன்றாக இருக்கிறது, இருந்தும் மொத்த மெஷினும் குப்பைக்குப் போக வேண்டும். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டன்சரை மாற்றிவிட்டுப் போகிறார்களே, அந்தச் சின்ன மரியாதை இந்த மெஷினுக்கு இல்லை.

இது புதிய தந்திரமும் இல்லை. 1924-இல் ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்பு நிறுவனங்கள் கூடி 'ஃபீபஸ்' என்ற கூட்டணியை அமைத்தன. பல்பின் ஆயுள் ஆயிரம் மணிநேரம் என்று முடிவு செய்தன. அதிக வெளிச்சத்துக்காக அப்படிச் செய்ததாகச் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதிக நாள் எரியும் பல்பைச் செய்த தொழிற்சாலைக்கு அபராதம் போட்டார்களே, அது எந்த வெளிச்சத்துக்காக?

2022-இல் மட்டும் உலகம் வெளியே எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா.வின் கணக்கு. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் கால்வாசிகூட இல்லை. ஒரு கைப்பேசி தன் ஆயுளில் உண்டாக்கும் கார்பனில் பெரும்பகுதி, அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே உண்டாகிவிடுகிறது. அதை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்வது நீங்கள் வாங்கிய அத்தனை ஜாடிகளையும்விடப் பெரிய காரியம். ஆனால் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவைத்திருந்தால் என்ன செய்வீர்கள்? இங்கேதான் உங்கள் மன உறுதிக்கு வேலை முடிந்து, சட்டத்துக்கு வேலை தொடங்குகிறது. பிரான்சில் 2021 முதல் கைப்பேசி, வாஷிங் மெஷின் போன்றவற்றின் மீது, அதைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒட்ட வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஒருபடி மேலே போய், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகும் சில வகைப் பொருட்களை உற்பத்தியாளரே பழுது பார்த்துத் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. உங்கள் கணவர் பணக்காரர்கள் மீது கோபப்படுவதாக இருந்தால், இதைக் கேட்டு எங்கேயாவது ஒரு மனு எழுதச் சொல்லுங்கள்.

என் மெஷின் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு வயதான மெக்கானிக் கிடைத்தார். தொட்டியை வெளியே எடுத்து, ஒட்டிய விளிம்பு நெடுக ஹாக்ஸா பிளேடால் அறுத்து இரண்டாகப் பிரித்தார். பேரிங்கையும் ரப்பர் சீலையும் மாற்றினார். விளிம்பைச் சுற்றி டிரில்லால் ஓட்டை போட்டு, சிலிக்கான் பசை தடவி, போல்ட் நட்டால் முறுக்கி மூடினார். "அடுத்த தடவை ஸ்பேனர் போதும்" என்றார். அவருக்குப் பிறகு இதைச் செய்ய ஆளில்லை, மகன் வேறு வேலைக்குப் போய்விட்டானாம். போகாமல் என்ன செய்வான்? புதுசுக்கு ஒட்டியிருக்கும் விலையை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறவர்கள்தான் இவர் கூலியில் பாதியைக் குறைக்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

இனி எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் இதை மட்டும் கேளுங்கள்: உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும்? பேட்டரியை, பேரிங்கைத் தனியாக மாற்ற முடியுமா? அவருக்குத் தெரிந்திருக்காது. கேட்டுச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள்.

அன்புடன்.