உள்ளூர்க்காரருக்கு 57 டாலர், எனக்கு 692 டாலர்: வயோமிங் வேட்டை உரிமத்தை எதிர்த்து வழக்குப் போடலாமா?

கேள்வி: டெக்ஸாஸ் மாநிலம் டாலஸில் எச்-1பி விசாவில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மனைவியின் அண்ணன் வயோமிங் மாநிலம் செயென் நகரில் கிரீன் கார்டில் குடியிருக்கிறார். அவரோடு எல்க் மான் வேட்டைக்குப் போகலாம் என்று பார்த்தால், அவருக்கு உரிமம் 57 டாலர், எனக்கு 692. போகப்போவதோ மத்திய அரசின் காடு. அதற்கு நானும்தான் வரி கட்டுகிறேன். இது அரசியல் சாசனத்துக்கு விரோதமில்லையா? மச்சான் வீட்டு முகவரியைக் கொடுத்து உள்ளூர்க் கட்டணத்திலேயே வாங்கிவிடலாம் என்கிறார் நண்பர் ஒருவர். அதில் சிக்கல் வருமா?

பதில்: வழக்குப் போட்டால் தோற்பீர்கள். முகவரி யோசனையைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். இவ்விரண்டையும் விடப் பெரிய ஆபத்து ஒன்றைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை: துப்பாக்கி. அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-லேயே தீர்த்துவிட்டது. மொன்டானாவில் அப்போது உள்ளூர்வாசி 9 டாலர் கொடுத்து எல்க் உரிமம் மட்டும் தனியாக வாங்கலாம். வெளிமாநிலத்தார் 225 டாலர் கொடுத்து மற்ற விலங்குகளையும் சேர்த்த உரிமம்தான் வாங்க வேண்டும். அதாவது 25 மடங்கு. பால்ட்வின் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் ஆறு நீதிபதிகள் மொன்டானாவின் பக்கம் நின்றார்கள், மூவர் மாறுபட்டார்கள். எல்க் வேட்டை ஒரு பொழுதுபோக்கு, வாழ்வாதாரம் அல்ல. பிற மாநிலக் குடிமக்களுக்குச் சாசனத்தின் 4-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம்.

பிழைப்பாக இருந்திருந்தால் கதையே வேறு. தென் கரோலினா இறால் படகுகளுக்கு உள்ளூர்க்காரரிடம் 25 டாலரும் வெளியூர்க்காரரிடம் 2,500 டாலரும் கேட்டபோது, 1948-ல் அதே உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கல். அந்த 4-ஆவது பிரிவு பேசுவது ‘குடிமக்கள்’ பற்றி. எச்-1பி-யில் இருக்கும் நீங்கள் அதைக் கையிலெடுக்கவே முடியாது. 14-ஆவது திருத்தத்தின் சமத்துவப் பாதுகாப்பு எல்லா மனிதருக்கும் உண்டு என்றாலும், மாநிலம் ஏதோ ஒரு நியாயமான காரணம் காட்டினாலே அங்கே போதும். வயோமிங் உங்களிடம் அதிகம் வாங்குவது நீங்கள் அயல்நாட்டவர் என்பதற்காகவும் அல்ல. உங்கள் மச்சானும் அமெரிக்கக் குடிமகன் இல்லை, ஆனாலும் அவருக்கு 57 டாலர்தான். அங்கே கணக்கு குடியிருப்பை வைத்து.

மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் காரணம் காட்டி வழக்குப் போடும் வாசல் ஒன்று சில காலம் திறந்திருந்தது. அரிசோனா தன் எல்க், மான் உரிமங்களில் வெளிமாநிலத்தாருக்குப் பத்து சதவீத உச்சவரம்பு வைத்ததை 2002-ல் 9-ஆவது மேல்முறையீட்டு நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி கேட்டது. மாநிலங்கள் பதறின. 2005 மே மாதம் நாடாளுமன்றம் ஒரு செலவினச் சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகி, வேட்டை, மீன்பிடி உரிமங்களில் உள்ளூர்-வெளியூர் வேறுபாடு காட்ட மாநிலங்களுக்கு வெளிப்படையாக அனுமதி தந்துவிட்டது. அதே ஆண்டு, வயோமிங்கின் கட்டணத்தையும் ஒதுக்கீட்டையும் எதிர்த்து வந்த வழக்கு 10-ஆவது மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விழுந்தது. வயோமிங் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

மத்திய அரசின் காடு என்ற வாதமும் எடுபடாது. நிலம் மத்திய அரசுடையது, அதில் மேயும் விலங்கை நிர்வகிப்பது மாநிலம். காட்டில் நடக்கவும் கூடாரம் போடவும் உங்களுக்கு உரிமை உண்டு. எல்க்கைச் சுட உரிமை இல்லை. உள்ளூர்வாசி மாநில வரி கட்டுகிறாரே என்று மாநிலங்கள் சொல்லும் பதில் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. வயோமிங்கில் மாநில வருமான வரியே கிடையாது. வனவிலங்குத் துறையின் உரிம வருமானத்தில் பெரும்பகுதி வெளிமாநிலத்தார் கட்டுவதுதான். ஆனால் நியாயமில்லாததெல்லாம் சட்டவிரோதம் ஆகிவிடாது. 692 என்ற எண்ணை எழுதியது வயோமிங் சட்டமன்றம், அங்கே உங்களுக்கு ஓட்டும் இல்லை.

இனி முகவரி. வயோமிங் சட்டப்படி உள்ளூர்வாசி என்றால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு முழுதும் அங்கேயே நிரந்தரமாகக் குடியிருந்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வேறு மாநிலத்தில் உள்ளூர்வாசி என்று உரிமை கோரியிருக்கக் கூடாது. டெக்ஸாஸ் ஓட்டுநர் உரிமம் ஒன்று போதும் உங்களைப் பிடிக்க. பொய் சொல்லி வாங்கிய உரிமம் உரிமமே அல்ல. அதை வைத்துச் சுட்ட மான் திருட்டு வேட்டை. அந்த இறைச்சியையோ கொம்பையோ காரில் ஏற்றி வயோமிங் எல்லையைத் தாண்டிய நொடியில், சட்டவிரோதமாக வேட்டையாடிய விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோவதைத் தடுக்கும் லேசி சட்டத்தின் கீழ் மத்தியக் குற்றமாகிறது. வேட்டை உரிமை பறிபோவதும் வயோமிங்கோடு நிற்காது. வனவிலங்குக் குற்ற ஒப்பந்தத்தில் பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்திருப்பதால் டெக்ஸாஸும் உங்களை நிறுத்திவைக்கும். பொய் வாக்குமூலம் என்ற தண்டனைப் பதிவு கிரீன் கார்டு விண்ணப்பத்தில் என்ன செய்யும் என்பதைக் குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள். 635 டாலர் மிச்சத்துக்கு இத்தனையா?

துப்பாக்கிக்கு வருவோம். குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். எச்-1பி, எச்-4, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும். தண்டனை 15 ஆண்டுகள் வரை, கூடவே நாடுகடத்தலுக்கும் அது ஒரு காரணம். விதிவிலக்குகளில் உங்களுக்கு உதவுவது, அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி தந்த வேட்டை உரிமம் கையில் இருப்பது. எந்த மாநிலத்து உரிமமாகவும் இருக்கலாம். டெக்ஸாஸில் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து குடியிருப்பவர் என்பதால் உங்களுக்கு அங்கே 25 டாலர் உரிமமே போதும். ஆனால் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும். டெக்ஸாஸ் வேட்டை உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் புது உரிமம் இல்லாமல் ரைஃபிள் வீட்டு அலமாரியில் இருந்தால், நீங்கள் அதைத் தொடாவிட்டாலும் குற்றம்தான். பலர் தவறுவது இந்த இடத்தில். புதிய உரிமம் ஆகஸ்ட் மத்தியிலேயே விற்பனைக்கு வரும், அப்போதே வாங்கிவிடுங்கள். விசா நிலை கெட்டுப்போனால் வேட்டை உரிமம் இருந்தும் பயனில்லை. வில் அம்புக்கு இந்தத் தடை கிடையாது.

டெக்ஸாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கும், வயோமிங்கில் 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கும் வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் டெக்ஸாஸ் பயிற்சியை இணையத்திலேயே முடிக்கலாம். அந்தச் சான்றிதழை வயோமிங்கும் ஏற்கும்.

692 டாலர் கொடுக்கத் தயார் என்றாலும் உரிமம் உடனே கிடைக்காது. வெளிமாநிலத்தாருக்கு எல்க் உரிமம் குலுக்கலில்தான். விண்ணப்பக் காலம் ஜனவரி தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முதல் நாட்கள் வரை, முடிவு மே மாதம். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். குலுக்கலில் உங்கள் பெயர் விழாவிட்டால் 15 டாலர் விண்ணப்பக் கட்டணம் போக மீதி திரும்பி வரும். விழாதவர்கள் ஜூலை முதல் அக்டோபர் வரை 52 டாலருக்கு, அடுத்தடுத்த குலுக்கல்களில் முன்னுரிமை தரும் புள்ளி வாங்கிச் சேர்க்கலாம். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து விண்ணப்பமும் இல்லை, புள்ளியும் வாங்கவில்லை என்றால் சேர்த்த அத்தனையும் அழிந்துவிடும். 1,950 டாலர் ‘ஸ்பெஷல்’ குலுக்கல் ஒன்றும் உண்டு. கிடைப்பது அதே உரிமம்தான், போட்டிக்கு வரிசை மட்டும் வேறு. கட்டணங்களைச் சட்டமன்றம் அவ்வப்போது மாற்றும், அந்தந்த ஆண்டின் பட்டியலைப் பாருங்கள்.

உங்கள் மச்சானால் சட்டப்படியே ஒரு பெரிய உதவி செய்ய முடியும். வயோமிங்கில் ‘வில்டர்னஸ்’ என்று அறிவிக்கப்பட்ட காடுகளில் வெளிமாநிலத்தார் வழிகாட்டி இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாடக் கூடாது. தொழில்முறை வழிகாட்டியின் கூலி ஆயிரக்கணக்கில் போகும். உள்ளூர்வாசி ஒருவர் கேம் அண்ட் ஃபிஷ் எனப்படும் மாநில வனவிலங்குத் துறையில் உங்கள் பெயரைக் குறிப்பிட்டு இலவச வழிகாட்டி உரிமம் எடுக்கலாம். ஆண்டுக்கு இரண்டு பேர் வரை கூட்டிப்போகலாம், கூலி மட்டும் வாங்கக் கூடாது. மற்ற தேசியக் காடுகளில் இந்த நிபந்தனை இல்லை.

எல்க்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் முதல் ஆண்டு பெண் பிராங்ஹார்ன் மானுக்கு விண்ணப்பியுங்கள். உள்ளூர்க்காரருக்கு 22 டாலர், உங்களுக்கு 34.