சிறைக்குள் நடந்ததைச் சொன்ன பிறகு: வாசகர் கேள்விகள்

சிறையில் இருக்கும் தம்பி, தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்துவிட்டார்கள் என்று போனில் அழுதான். எனக்குப் பேச்சே வரவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

"நீ சொல்வதை நம்புகிறேன், உன்மேல் தப்பில்லை." அடுத்த முறை பேசும்போது சொன்னாலும் போதும். "ஏன் கத்தவில்லை?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பயத்தின் உச்சத்தில் உடம்பு உறைந்துபோவது இயல்பு. அந்த நேரத்தில் ஆணின் உடல் தன்னையறியாமல் கிளர்ச்சி காட்டுவதும் உண்டு. அது சம்மதம் ஆகாது. இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் வருடக்கணக்கில் கூசிப்போய் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், சிறைத் தொலைபேசிப் பேச்சு பல இடங்களில் பதிவாகும். பெயர், இடம் எதையும் அதில் கேட்காதீர்கள். வக்கீல் நேரில் போய்க் கேட்கட்டும். புகார் கொடுப்பதா என்பதைத் தம்பியே முடிவு செய்யட்டும். உள்ளே அவர் கையில் மிஞ்சியிருக்கும் முடிவுகள் மிகக் குறைவு.

மருத்துவரிடம் எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும்?

எச்ஐவி தடுப்பு மருந்தைச் சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். பெண் என்றால், அவசரக் கருத்தடைக்கு அதிகபட்சம் 5 நாள். தடயத்துக்காக, முடிந்தால் குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல் போவது நல்லது. குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போகச் சொல்லுங்கள்.

மகள் புகார் கொடுத்தாள். 'பாதுகாப்பு' என்று சொல்லி அவளைத் தனியறையில் அடைத்துவிட்டார்கள். சரியா?

சரியே இல்லை. புகார் கொடுத்தவருக்கே தண்டனை என்றால் அடுத்தவர் வாய் திறப்பாரா? புகார் செய்யும் பெண் கைதிக்கு உடனடிப் பாதுகாப்பும் ஆலோசனையும், ரகசியம் காக்கும் சுதந்திரமான விசாரணையும் வேண்டும் என்கிறது பெண் கைதிகளுக்காக 2010-இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகளின் 25-ஆவது விதி. புகாருக்காகப் பழிவாங்கக் கூடாது என்பது, கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஐ.நா.வின் மண்டேலா விதிகளில் 57-ஆவது. சிறைப் பாலியல் வன்கொடுமையைத் தடுக்க அமெரிக்கா 2012-இல் கொண்டுவந்த விதிகள், பழிவாங்கல் நடக்கிறதா என்று குறைந்தது 90 நாள் கண்காணிக்கச் சொல்கின்றன.

குற்றம் சாட்டப்பட்டவரை ஏன் இடம் மாற்றவில்லை என்று வக்கீல் மூலம் எழுத்தில் கேளுங்கள். சந்திப்பு மறுப்பு, வேலை பறிப்பு, அறை மாற்றம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

சிறையில் அக்காவை வன்கொடுமை செய்த காவலர், அவள் சம்மதித்ததாகச் சொல்கிறாரே?

கதவின் சாவியை வைத்திருப்பவரிடம் 'மாட்டேன்' என்று எப்படிச் சொல்வது? பல நாடுகளின் சட்டம் இந்த வாதத்தை ஏற்பதே இல்லை. அவரிடமிருந்து அக்கா சோப்போ கூடுதல் போன் நேரமோ பெற்றிருந்தால், வக்கீலிடம் மறைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு முதலில் எடுப்பது அதைத்தான்.