வெந்நீருக்கும் சமையலுக்கும் ஆகும் கார்பன் குறைகிறதா என்று எந்தத் தரவை வைத்துப் பார்ப்பது?

கேள்வி இதுதான்: பெரம்பூரில் 40 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. கீசராலும் கேஸாலும் வரும் கார்பனை ஐந்து வருடத்தில் பாதியாகக் குறைப்பதாகச் சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். வருடா வருடம் அதை எந்தத் தரவை வைத்துச் சரிபார்ப்பது? அரசுப் புள்ளிவிவரங்களில் எது உதவும்?

எத்தனை வீடு சோலார் வாட்டர் ஹீட்டருக்கு மாறியது, எத்தனை வீடு இண்டக்‌ஷன் வாங்கியது என்று எண்ணத் தொடங்காதீர்கள். கருவிகளை எண்ணினால் கணக்கு தலைகீழாகப் போய்விடும். யூனிட்டையும் கிலோவையும் எண்ணுங்கள்.

காரணம் இதோ. மத்திய மின்சார ஆணையம் நாட்டின் மின்சாரத்துக்கான கார்பன் அளவை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் வெளியிடுகிறது. உங்கள் கணக்குக்கு அச்சாணி இந்தத் தரவுதான். ஒரு யூனிட்டுக்கு 2022-23இல் 0.716 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 2023-24இல் 0.727 கிலோ. சமையல் கேஸை எரித்து அதே ஒரு யூனிட் அளவு வெப்பம் எடுத்தால் 0.227 கிலோதான். கேஸ் அடுப்பின் திறன் 68 சதவீதம் என்று வைத்தால், பாத்திரத்தில் சேரும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 0.33 கிலோ ஆகிறது. இண்டக்‌ஷன் 85 சதவீதம் திறனோடு வேலை செய்தாலும் 0.86 கிலோ. ஆக, இன்றைய மின்சாரத்தில் கேஸிலிருந்து இண்டக்‌ஷனுக்கு மாறும் வீட்டில் கார்பன் கூடுகிறது. மாறுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். கார்பன் கணக்கில் அதை வரவாக எழுத முடியாது. வெந்நீரிலும் இதே கதை. சாதாரண கீசர் யூனிட்டுக்கு 0.73 கிலோ. காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து, ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்ப் 0.24 கிலோ. சோலார் வாட்டர் ஹீட்டரில், வெயில் போதாதபோது ஓடும் பேக்கப் மின் ஹீட்டரின் யூனிட் மட்டுமே கணக்கு. அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையப் புகைபோக்கிகளைத் தினமும் பார்க்கிற நமக்கு, சுவிட்சைப் போட்டால் வரும் கரண்டுக்குப் பின்னால் நிலக்கரி இருப்பது நன்றாகவே தெரியும். அதை நோட்டிலும் எழுதியாக வேண்டும்.

ஆணையத்தின் அந்த எண் மின் நிலையத்தின் வாசலில் எடுத்த கணக்கு. கம்பியில் வீணாவது அதில் சேராது. 10 சதவீத இழப்பு என்று வைத்துக்கொண்டால் 0.727ஐ 0.9ஆல் வகுத்து 0.81 என்று எழுத வேண்டும். சேர்ப்பதா வேண்டாமா என்று முதல் வருடமே முடிவு செய்து, தாளின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். நடுவில் மாற்றினால் முந்தைய வருடங்களோடு ஒப்பிடவே முடியாது.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள்: தாளில் இரண்டு பத்தி (நெட்டு வரிசை) வைத்து எழுதுங்கள். ஒன்றில் அந்தந்த வருடத்து எண்ணைப் போடுங்கள். மற்றதில் முதல் வருடத்து எண்ணையே கடைசி வரை போடுங்கள். முதல் பத்தி காற்றில் உண்மையில் கலந்தது எவ்வளவு என்று காட்டும். இரண்டாவது உங்கள் 40 வீடுகள் செய்த வேலையை மட்டும் காட்டும். 0.716 என்பது 0.727 ஆனபோது, ஒரு வீட்டில் எதுவுமே மாறாவிட்டாலும் கார்பன் ஒன்றரை சதவீதம் கூடியிருக்கும். மின்சாரம் சுத்தமாகும் வருடத்தில் சங்கம் சும்மா இருந்தாலும் குறையும். இரண்டையும் பிரிக்காமல் கூட்டத்தில் வைத்தால் வீண் சண்டைதான் வரும்.

இனி வீட்டுத் தரவு. கேஸ் எளிது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று முழுதாக எரிந்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு. புக்கிங் தேதியை நம்ப வேண்டாம். சிலர் சிலிண்டர் காலியாவதற்கு முன்பே புக் செய்து வைப்பார்கள். புது சிலிண்டரை மாட்டிய அன்று சமையலறைக் காலண்டரில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள், அது போதும். 40 நாளுக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு ஒன்பது சிலிண்டர் சொச்சம், ஏறக்குறைய 385 கிலோ. வருடக் கடைசியில் பாதி காலியான சிலிண்டரை எடை போட்டால் இன்னும் துல்லியம் கிடைக்கும். காலி எடை சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் தகட்டிலேயே பதித்திருக்கும். மொத்த எடையில் அதைக் கழித்தால் மிச்சமுள்ள கேஸ். குழாய் கேஸ் வந்த வீடுகளில் மீட்டர் கன மீட்டரில் ஓடும். ஒரு கன மீட்டருக்கு சுமார் 2 கிலோ என்று போடலாம்.

மின்சாரத்தில்தான் சிக்கல். மின் வாரிய இணையதளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டால் பழைய பில் விவரங்கள் கிடைக்கும். ரூபாயைப் பார்க்காதீர்கள். முதல் சில யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். ஆகவே ரூபாய்க்கும் யூனிட்டுக்கும் நேர் உறவு கிடையாது. ரீடிங் எடுக்கும் இடைவெளி எப்போதும் சரியாக 60 நாள் இருக்காது, ஆகவே நாளுக்கு எத்தனை யூனிட் என்று வகுத்து எழுதுங்கள். வீடு பூட்டியிருந்த முறை பழைய பயன்பாட்டை ஒட்டி ஒரு பில் போட்டிருப்பார்கள், அடுத்த பில்லில் அது நேராகும். அந்த இரண்டையும் சேர்த்தே வகுக்க வேண்டும். மொட்டை மாடியில் சோலார் பேனல் வைத்த வீடுகளில் பேனல் தந்ததைக் கழித்த நிகர யூனிட்தான் பில்லில் இருக்கும், அது கீசரை மறைத்துவிடும்.

கோடைக்கும் மார்கழிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கீசர் கணக்காக எடுக்கலாம் என்று தோன்றும். நம் ஊரில் அது நடக்காது. கீசர் அணையும் மாதத்தில் ஏசி ஏறிவிடுகிறது. எட்டு வீடுகளைத் தேர்ந்து கீசர் லைனில் தனி சப் மீட்டர் வைப்பதுதான் வழி. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் மாட்டினால் உருகிவிடும். 16 ஆம்பியர் பிளக்கோ, டிபி பெட்டியில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) தனி மீட்டரோ வேண்டும்.

சப் மீட்டருக்குக் காசு இல்லையென்றால், ஈபி மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கே போதும். மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஃபேன், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்து, கீசரை மட்டும் போட்டு, அரை நிமிடம் போனில் வீடியோ எடுத்து எண்ணுங்கள். 2000 வாட் முழுதாக ஓடினால் 53 மினுக்கு வரும். 40தான் வருகிறதா? வோல்டேஜ் 200 பக்கம் இறங்கியிருக்கிறது, கீசர் 1500 வாட்தான் இழுக்கிறது. கீசர் விளக்கு எத்தனை நிமிடம் எரிந்தது என்று மட்டும் பார்த்துப் பெருக்குபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்: லோ வோல்டேஜில் நிமிடம் கூடும், யூனிட் கூடாது.

வரும் எண் நம்பும்படி இருக்கிறதா என்று தண்ணீரை வைத்துச் சரிபார்க்கலாம். 28 டிகிரியில் உள்ள 18 லிட்டர் பக்கெட்டை 40 டிகிரிக்குக் கொண்டுவர கால் யூனிட். நாலு பேர், நாலு பக்கெட், ஒரு யூனிட். டேங்க் தண்ணீர் 25 டிகிரிக்கு இறங்கும் காலத்தில் ஒன்றேகால். இதோடு கீசர் சும்மா நிற்கும்போது இழக்கும் வெப்பமும் உண்டு. ஸ்டார் லேபிளில் 24 மணி நேர இழப்பு என்று போட்டிருக்கும் எண் 45 டிகிரி வித்தியாசத்துக்கானது. 28 டிகிரித் தண்ணீரை 60இல் வைத்தால் வித்தியாசம் 32தான்; லேபிளில் 0.5 என்றால் 0.36 என்று எடுங்கள். நாலு பேர் வீட்டில் நாளுக்கு மூன்று யூனிட் காட்டினால், யாரோ கீசரை நாள் முழுக்க அணைக்காமல் விடுகிறார்கள் அல்லது தெர்மோஸ்டாட் கோளாறு.

சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்த வீட்டை "முடிந்தது" என்று குறித்துவிடாதீர்கள். மாடியிலிருந்து கீழ் வீட்டுக்கு 15 மீட்டர் அரை இஞ்ச் குழாய் வந்தால், அதில் தேங்கிய இரண்டு மூன்று லிட்டர் ஆறிய தண்ணீர் முதலில் ஓட வேண்டும். அவசரத்தில் அதைப் பொறுக்காமல் கீசரைப் போட்டுவிடுவார்கள். போர் தண்ணீர் உப்பு என்றால் குழாய்களில் படிவு ஏறும். வருடத்துக்கு ஒருமுறை மாடிக்குப் போய்க் கண்ணாடிக் குழாய்களின் அடி நுனியைப் பாருங்கள். வெள்ளி மாதிரி பளபளப்பாக இருந்தால் வெற்றிடம் நன்றாக இருக்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் அந்தக் குழாய் போய்விட்டது. எத்தனை வெளுத்திருக்கிறது என்பதும் ஒரு தரவுதான், குறித்து வையுங்கள். பேக்கப் ஹீட்டருக்குத் தனி மீட்டர் கட்டாயம். பொதுவில் ஹீட் பம்ப் வைத்தால் அதன் யூனிட் பொது இணைப்பில் ஏறும். வீட்டு பில்களை மட்டும் கூட்டினால் கார்பன் மாயமாகக் குறைந்த மாதிரி தெரியும்.

அரசுப் புள்ளிவிவரங்களுக்கு வருவோம். பிரிட்டனில் அறைகளைச் சூடாக்கும் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைக்க மானியத் திட்டம் இருக்கிறது, அதன் எண்ணிக்கையை மாதாமாதம் வெளியிடுகிறார்கள். அறையைச் சூடாக்கும் வேலையே இல்லாத நமக்கு அந்த மாதிரித் தொடர் கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தேசிய குடும்ப நல ஆய்வும் அடுப்பில் எரிவது என்ன என்று கேட்கின்றன. சென்னையில் பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே கேஸ்தான், அதனால் அந்த எண் இனி பெரிதாக அசையாது. மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் வீட்டு நுகர்வுச் செலவின ஆய்வு 2022-23, 2023-24 இரண்டு வருடமும் நடந்தது. கேஸும் மின்சாரமும் எவ்வளவு வாங்கப்பட்டது என்ற விவரம் வீட்டு வாரியாக இலவசமாகக் கிடைக்கும். தமிழ்நாட்டு நகர்ப்புற வீட்டோடு உங்கள் வீடுகளை ஒப்பிட இதுவே சிறந்தது. ஆனால் மாதிரி எண்ணிக்கை வட சென்னை அளவுக்கு இறங்காது, பெரம்பூரை அதில் தேடாதீர்கள்.

பழைய எண்ணோடு ஒப்பிடும்போது எல்லையைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் எல்லாம் திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் இருக்கின்றன. 2018இல்தான் சென்னை மாவட்டம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. இதைக் கவனிக்காமல் "சென்னை" என்ற வரியை இரண்டு வருடத்துக்கும் எடுத்தால், ஒரே பெயரில் இரண்டு வேறு ஊர்களை ஒப்பிட்டதாகிவிடும்.

அடிப்படை வருடத்துக்கு முழு 12 மாதம் வேண்டும். ஐப்பசியில் தொடங்கி அடுத்த புரட்டாசி வரை எடுங்கள். மாதம் ஒருமுறை காலை ஆறு மணிக்கு டேங்க் தண்ணீரின் வெப்பநிலையும், அன்று வீட்டில் எத்தனை பேர் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். அந்த இரண்டும் இல்லாவிட்டால், குளிர் குறைந்ததால் குறைந்ததா, பிள்ளைகள் ஹாஸ்டலுக்குப் போனதால் குறைந்ததா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.