ஐந்தாம் கிரேடு முடிந்தது, அடுத்த ஓபோ எது?

கேள்வி: லண்டனில் அரசுப் பள்ளியில் படிக்கும் என் மகள் ஓபோவில் (இரட்டைச் சீவாளி வைத்து ஊதும் மேற்கத்திய மரக் குழல்) ஐந்தாம் கிரேடு இசைத் தேர்வில் தேறிவிட்டாள். இப்போது வாசிப்பது பள்ளி இரவல் தந்த ஆரம்பநிலைக் கருவி. புதிய இடைநிலைக் கருவி வாங்குவதா, அதே விலைக்குப் பழைய உயர்தரக் கருவியா?

பதில்: பழையதே மேல். ஆனால் ஓபோ பழுது பார்ப்பவர் கையில் கொடுத்துச் சோதிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

முதலில் சாவிகள், அதாவது துளைகளை மூடித் திறக்கும் உலோக நெம்புகள். கீழ் பி-ஃபிளாட் சுரத்துக்கான சாவி, எஃப் சுரத்தை இடக்கையால் வாசிக்கும் ‘இடக்கை எஃப்’ சாவி இரண்டும் கட்டாயம். எஃப்பிலிருந்து டி-க்குப் போகையில் வலது மோதிர விரல்தான் இரண்டுக்கும் வேண்டும். இடக்கை எஃப் இல்லாவிட்டால் விரல் வழுக்கும், அல்லது மங்கலாக ஒலிக்கும் மாற்று விரலமைப்புக்குப் போக வேண்டும். மேல் ஸ்தாயி சுரங்களுக்கு உதவும் மூன்றாம் ஆக்டேவ் சாவி இருந்தால் நல்லது, இல்லையென்று நல்ல கருவியைத் தள்ள வேண்டாம். சாவி அமைப்பில் பிரிட்டனில் பெருவிரல் தட்டு முறையும் உண்டு, பாரிஸ் கன்சர்வத்வார் முறையும் உண்டு. மகள் பழகியது எதுவென்று ஆசிரியரிடம் கேளுங்கள். இரண்டும் சேர்ந்த கருவியும் கிடைக்கும்.

கடைக்கு அவள் வழக்கமாக வாசிக்கும் சீவாளிகள் மூன்றை எடுத்துப் போகட்டும். சீவாளி மாறினால் சுருதியும் மாறும், கருவியைப் பற்றி எதுவும் தெரியாது. கீழ் பி-ஃபிளாட், பி, சி மூன்றையும் மெல்லத் தொடங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முரண்டு பிடித்தால் எங்கோ காற்று கசிகிறது. கருவியைக் கழற்றி, மேல் துண்டின் துளைகளை விரலால் மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் உறிஞ்சி நாக்கால் மூடினால் இழுப்பு சில விநாடி நிற்க வேண்டும். நிற்காவிட்டாலும் உடனே கைவிட வேண்டாம். ஒரு சிறு திருகு கால் சுற்று பிசகினாலே இப்படி ஆகும். கடைக்காரர் சரிசெய்து தரட்டும், மறுபடி வாசித்துப் பாருங்கள். பிறகு ஒரு வாரமாவது வீட்டுக்குக் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

விரிசலை மேல் துண்டில், டிரில் சாவிகளின் (இரு சுரங்களை விரைவாக மாறி மாறி வாசிக்க உதவுபவை) பக்கம் தேடுங்கள். முறையாக மரத்தின் குறுக்கே சிறு ஊசி அடித்து ஒட்டிய விரிசல் பெரிய குறையல்ல, விலையைக் குறைத்துப் பேச வழி. துளைக்குள் ஓடியிருந்தால் மட்டும் யோசியுங்கள்.

புதியதற்கு ஒரு சாதகம் உண்டு. அரசுப் பள்ளி மாணவர் தகுதி இருந்தால் பள்ளி மூலம் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு) வரியின்றி வாங்கலாம்: 4,800 பவுண்டு கருவி 4,000-க்கு வரும். கடையில் பணம் கட்டும் முன்பே பள்ளி அலுவலகத்தில் பேச வேண்டும். பழைய கருவிகளுக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது.

கேள்வி: புது மரக் கருவி வெடித்து விரிசல் விடும் என்கிறார்களே?

பதில்: உள்ளே ஈரச் சூடு, வெளியே குளிர், மரம் சமமாக விரியாததால் வெடிக்கிறது. முதல் இரண்டு வாரம் நாளுக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் வாசிக்கட்டும், பிறகு மெல்லக் கூட்டலாம். குளிர்நாளில் மேல் துண்டை அக்குளில் வைத்து வெதுவெதுப்பாக்கிய பிறகே ஊத வேண்டும். வாய்ச்சூட்டால் சூடேற்றக் கூடாது. வாசித்ததும் துணி இழுத்து ஈரம் எடுக்க வேண்டும், ஆக்டேவ் துளைகளில் தண்ணீர் நின்றால் சிகரெட் தாள் வைத்து ஒற்றலாம். ஹீட்டர் பக்கம் பெட்டியை வைக்காதீர்கள். இத்தனை கவனம் வீட்டில் நடக்காது என்றால், மேல் துண்டு மட்டும் பிளாஸ்டிக்காக உள்ள கருவி கேளுங்கள்.