இடுப்புப் பிடிப்பு: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: என் வீட்டுக்காரர் தேங்காய் லோடு ஏற்றும் வேலை செய்கிறார். ஐந்து நாட்களுக்கு முன் மூட்டையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை; காலில் வலியோ மரத்துப்போவதோ இல்லை. ஊசி போட்டாயிற்று. மருந்துக் கடையில் மூன்று வகை மாத்திரை கொடுத்தார்கள். இப்போது ஒருவர் பெல்ட் வாங்கச் சொல்கிறார். பாலக்காட்டில் ஒரு வைத்தியசாலையில் பதினான்கு நாள் உழிச்சிலுக்கு (எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் சிகிச்சைக்கு) முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். வட்டிக்கு வாங்கித்தான் கட்ட வேண்டும். கட்டலாமா? – ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: கட்டாதீர்கள், அம்மா. இந்த வலிக்காக வட்டிக்குப் பணம் வாங்கவே வேண்டாம்.

நீங்கள் சொல்லும் வகை வலி, அதாவது திடீரென்று பிடித்துக்கொண்டு இடுப்போடு நிற்கும் வலி, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். சிட்னியில் 1,652 பேரிடம் நடத்திய ஒரு சோதனை 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பகுதியினருக்குத் தினமும் வேளை தவறாமல் பாராசிட்டமால் தரப்பட்டது. இன்னொரு பகுதியினர் வலிக்கும்போது மட்டும் அதைப் போட்டுக்கொண்டார்கள். மூன்றாம் பகுதியினருக்குக் கிடைத்தது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பகுதியிலும் பாதிப் பேர் குணமடைய எத்தனை நாட்கள் ஆயின என்று பார்த்தார்கள். முதல் இரு பகுதிகளில் 17 நாட்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 16 நாட்கள்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் பணத்தை வெளியே எடுக்கிறோம். அதற்குப் பிறகு வலி எப்படியும் இறங்குகிறது. இறங்கிய பெருமை முழுவதும் கடைசியாக எதற்குப் பணம் கொடுத்தோமோ அதற்குப் போய்விடுகிறது. பதினான்கு நாள் உழிச்சில் முடியும்போது உங்கள் வீட்டுக்காரருக்கு வலி தொடங்கிப் பத்தொன்பது நாட்கள் ஆகியிருக்கும். சிட்னியில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் அதற்கு முன்பே எழுந்து நடமாடிவிட்டார்கள்.

உழிச்சிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புதிய இடுப்பு வலிக்கு முதலில் மருந்தில்லாத வழிகளைப் பார்க்கச் சொல்கிறது. வெப்ப ஒத்தடம், பிடித்துவிடுதல், அக்குபங்சர் எல்லாம் அதில் இருக்கின்றன. இவற்றில் ஓரளவு உறுதியான சான்று இருப்பது ஒத்தடத்துக்குத்தான்; மற்றவற்றுக்குச் சான்று பலவீனம். ஆகவே வெந்நீர்ப் பை வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மட்டும் சூடு பட்டுவிடாமல் கவனம் தேவை. தைலம் தேய்த்தால் இதமாக இருக்கிறது என்று அவர் சொன்னால், வீட்டிலேயே தேய்த்துவிடுங்கள். வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும் என்றால் அன்றன்றைக்குப் பணம் கொடுங்கள். முன்பணம் கட்டிவிட்டால், நான்காம் நாளே வலி போனாலும் மீதிப் பணத்தைத் திரும்ப வாங்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது மாத்திரை. அட்டைகளைத் திருப்பிப் பின்புறத்தைப் படியுங்கள். டைக்ளோபீனாக், அசிக்ளோபீனாக், ஐபுப்ரோபென், நாப்ராக்சென் ஆகியவை எல்லாம் ஒரே குடும்பம். மூன்று அட்டைகளில் இரண்டில் இந்தக் குடும்பத்துப் பெயர்கள் இருந்தால், ஒரே வேலைக்கு இரண்டு மருந்து உள்ளே போகிறது என்று பொருள். இந்த மருந்துகள் திடீர் இடுப்பு வலியைக் குறைக்கின்றன என்பது உண்மை. ஆனால் எவ்வளவு? வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால், நூறு புள்ளி அளவுகோலில் ஏழு புள்ளி அளவுக்குத்தான். அந்தச் சிறிய பயனுக்காக வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்த ஏற்றம் ஆகிய அபாயங்களை நீண்ட நாள் சுமக்க வேண்டாம். வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் ஏற்கெனவே உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வில்லைகூடப் போடக்கூடாது.

தசைப் பிடிப்பைத் தளர்த்தும் மருந்தைக் கூடவே சேர்த்துக் கொடுப்பது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. நியூயார்க்கில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 323 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2015-இல் வெளியானது. நாப்ராக்சென் மட்டும் எடுத்தவர்கள், அதோடு தசை தளர்த்தியும் எடுத்தவர்கள், நாப்ராக்செனோடு அபின் வகை வலிநிவாரணி எடுத்தவர்கள் என மூன்று குழுக்கள். ஒரு வாரம் கழித்து மூன்று குழுக்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. அபின் வகை மருந்தை 347 பேரிடம் சோதித்து 2023-இல் வெளிவந்த இன்னொரு ஆய்விலும், ஆறு வாரம் கழித்து அது வெற்று மாத்திரையை விட எந்த விதத்திலும் மேலாக இல்லை. “இன்னும் வலுவான மாத்திரை கொடுங்கள்” என்று கடையில் நீங்களாகக் கேட்காதீர்கள். மருத்துவர் ஒரே ஒரு மருந்தைச் சில நாட்களுக்கு எழுதித் தந்தால், அதே மூலப்பெயரில் (நிறுவனப் பெயரில் அல்ல, மருந்தின் பெயரில்) மக்கள் மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அவரைக் கட்டிலிலேயே கிடத்தி வைக்கவும் வேண்டாம். ஹெல்சின்கி நகர ஊழியர்களிடம் நடத்திய சோதனை 1995-இல் வெளியானது. இரண்டு நாள் படுக்கையில் கிடந்தவர்களையும், முதுகுக்கான பயிற்சி செய்தவர்களையும் விட, வலி அனுமதிக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே விரைவாகத் தேறினார்கள். மூட்டை தூக்குவதைச் சில நாள் நிறுத்தட்டும். வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடக்கட்டும். பெல்ட் வேண்டாம். காரணத்தைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ, மலம் தெரியாமல் போனாலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்து துவண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பாலக்காடானாலும் கோவையானாலும் நரம்பு அறுவை மருத்துவர் இருக்கும் இடமாக இருக்க வேண்டும். அதற்கு மட்டும் கடன் வாங்கினாலும் தவறில்லை. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, விழுந்து அடிபட்ட பின் வரும் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களின் வலி ஆகியவற்றையும் தானாகப் போகும் என்று விடக்கூடாது. சித்தூர் தாலுகா மருத்துவமனையில் காட்டித் தொடங்கலாம்.

கேள்வி: எனக்கு வயது 42. தேயிலைத் தோட்டத்தில் வேலை. மூன்று வாரமாக இடுப்பில் தொடங்கி இடது கால்வரை வலி இறங்குகிறது. தேனிக்குப் போய் நானாகவே எம்.ஆர்.ஐ. எடுத்தேன். முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டு பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். நரம்பு வலிக்கான ப்ரீகாபாலின் மாத்திரை சாப்பிடுகிறேன், தலை சுற்றுகிறது. ஆபரேஷனுக்குப் பணம் சேர்க்க வேண்டுமா? – ஒரு வாசகர், மூணாறு

பதில்: அறிக்கையில் இருக்கும் சொற்களைப் பார்த்து நடுங்காதீர்கள். முதுகில் எந்த வலியும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. தேய்மானம் 68 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்களில் ஒருவருக்கும் வலி கிடையாது. அதனால்தான் ஆபத்து அறிகுறி இல்லாதபோது முதல் வாரங்களில் ஸ்கேன் வேண்டாம் என்று வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. செலவு ஒருபுறம் இருக்க, அறிக்கை கைக்கு வந்தபின் மனிதன் குனியவே பயப்படுகிறான்.

உங்கள் வலி காலுக்கு இறங்குவதால் நரம்பு அழுந்துகிறதா என்று மருத்துவர் கையால் சோதித்துப் பார்ப்பது அவசியம். அப்படி அழுந்தினாலும் பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே தணிகிறது. நெதர்லாந்தில் கடுமையான கால்வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரம் நீடித்த 283 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே அறுவை செய்தார்கள்; மறுபிரிவைப் பொறுத்திருந்து பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் செய்தார்கள். அறுவை செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவும் ஒன்றுபோலவே தேறியிருந்தன. உங்களுக்கு இன்னும் மூன்று வாரம்தான் ஆகிறது. கால் வலுவிழக்காதவரை பொறுக்க உங்களுக்கு நேரமிருக்கிறது.

ப்ரீகாபாலினைப் பற்றி: இதே வகைக் கால்வலிக்கு 209 பேரிடம் சோதித்தபோது வெற்று மாத்திரையை விட அது வலியைக் குறைக்கவில்லை. தலைசுற்றல்தான் கூடுதலாக வந்தது. சரிவான தேயிலைக் காட்டில் தலைசுற்றலோடு நடப்பது ஆபத்து. எழுதித் தந்த மருத்துவரிடம் இதைச் சொல்லி நிறுத்துவது பற்றிக் கேளுங்கள். பல வாரம் சாப்பிட்டிருந்தால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: “ஏழே நாளில் முதுகுவலி போகும், உத்தரவாதம்” என்ற விளம்பரத்தைக் கைப்பேசியில் பார்த்து ஒரு காந்தப் பெல்ட் வாங்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. விற்றவர் கோயம்புத்தூர்க்காரர். பணத்தைத் தர மறுக்கிறார். கேரளத்தில் இருக்கும் நான் தமிழ்நாட்டுக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? – ஒரு வாசகர், குமுளி

பதில்: போக வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு இடுக்கி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் அந்த ‘உத்தரவாதம்’ என்ற சொல். தகுந்த சோதனை இல்லாமல் ஒரு பொருளின் பலனுக்கு உத்தரவாதம் தருவதை இந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. சோதனை செய்தோம் என்று விற்பவர் வாதிட்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. ஆகவே விளம்பரம் மறைவதற்குள் படம்பிடித்து வையுங்கள். ரசீதும், பணம் செலுத்திய விவரமும், அவர் மறுத்து அனுப்பிய செய்தியும் இருக்கட்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். இணைய அங்காடி வழியாக வாங்கியிருந்தால், அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உங்கள் புகார் அடுத்து ஏமாற இருப்பவரையும் காப்பாற்றும், தயங்காதீர்கள்.

கேள்வி: காய்கறிச் சந்தையில் சுமை ஏற்றும் பையன்கள் எட்டுப் பேர் என்னிடம் வேலை செய்கிறார்கள். அடிக்கடி யாராவது ஒருவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எல்லோருக்கும் நல்ல பெல்ட்டாக வாங்கித் தர நினைக்கிறேன். எதை வாங்கலாம்? – ஒரு வியாபாரி, வேலந்தாவளம்

பதில்: உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் பெல்ட்டால் அது நிறைவேறாது. அமெரிக்காவில் ஒரு பெரிய அங்காடி நிறுவனத்தின் 160 கடைகளில் சரக்குத் தூக்குபவர்களைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பெல்ட் அணிந்தவர்களுக்கு முதுகுக் காயம் குறையவில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கும் பெல்ட்டைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறிவிட்டது.

எட்டுப் பெல்ட்டின் பணத்தில் உறுதியான கைவண்டி ஒன்று வாங்குங்கள். மூட்டையைத் தரையிலிருந்து தூக்காமல் இடுப்பு உயரத்திலிருந்து எடுக்க ஒரு மேடை போடுங்கள். தக்காளிப் பெட்டியை ஒருவர் தலையில் இரண்டாக அடுக்குவதை நிறுத்துங்கள். ஒருமுறை பிடித்துத் தேறியவர்களுக்கு நடைதான் இப்போதைக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட வழி. ஆஸ்திரேலியாவில் அப்படித் தேறிய 701 பேரிடம் நடத்திய சோதனை 2024-இல் வெளிவந்தது. ஒருவருக்கு ஏற்றபடி படிப்படியாக நடையைக் கூட்டி, முதுகைப் பற்றிய விளக்கமும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாட்கள் ஆயின; மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாட்கள். பிடித்துக்கொண்டவர் மீண்டும் வேலைக்கு வரும்போது முதல் சில நாள் எடை போடுவது, கணக்கு எழுதுவது போன்ற வேலையைக் கொடுத்து, கூலியைக் குறைக்காமல் விடுங்கள். கூலி போய்விடும் என்ற பயத்தில்தான் அவர்கள் வலியோடு மூட்டையைத் தூக்குகிறார்கள்.