ஆர்.எஸ்.வி.பி. என்ன பட்டம்?

கேள்வி: ஓசூர் மாமா தன் மகனின் வரவேற்புக்கு இங்கிலீஷில் பத்திரிகை அடித்திருக்கிறார். கீழே ஆர்.எஸ்.வி.பி. என்று போட்டு அவருடைய போன் நம்பர். மாமா எப்போதோ வாங்கிய பட்டம் என்கிறார் அப்பா. நிஜமா?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பட்டமெல்லாம் இல்லை. 'ரெப்போந்தே சில் வூ ப்ளே' என்ற பிரெஞ்சு வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை, தயவுசெய்து பதில் சொல்லுங்கள் என்று அர்த்தம். வருகிறீர்களா, எத்தனை பேர் என்று அந்த நம்பருக்குச் சொல்லிவிட்டால் அவர் அதை வைத்துப் பந்திக்குக் கணக்குப் போடுவார். நம்ம பக்கம் இது எடுபடுமா என்று தெரியவில்லை, பத்திரிகையைக் கையில் வாங்கும்போதே 'கண்டிப்பா வந்துடறோம்' என்று சொல்லிவிடுகிற ஊர் இது. சிலர் ஆர்.எஸ்.வி.பி.க்கு முன்னால் ஒரு 'ப்ளீஸ்' வேறு சேர்ப்பார்கள். 'ப்ளீஸ்' ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, நாம் 'நடு சென்டர்' என்கிறோமே, அந்தக் கதைதான்.

கேள்வி: இங்கிலீஷ்காரனுக்கு எதற்கு இத்தனை பிரெஞ்சு?
- வாசகர், தர்மபுரி

பதில்: 1066-இல் பிரான்ஸில் உள்ள நார்மண்டியிலிருந்து அதன் பிரபு வில்லியம் படையோடு வந்து இங்கிலாந்தைப் பிடித்தார். அப்புறம் அரண்மனை, கோர்ட் எல்லாம் பிரெஞ்சு. கோர்ட்டில் இங்கிலீஷில்தான் வாதாட வேண்டும் என்று சட்டம் வரவே 1362 ஆகிவிட்டது. உங்கள் தாலுகா ஆபீஸில் தாசில்தார், ஜமாபந்தி என்று பாரசீகச் சொற்கள் இன்னும் உட்கார்ந்திருக்கின்றனவே, அப்படித்தான். நாட்டை ஆண்டவன் போனாலும் அவன் ஆபீஸ் பேச்சு போகாது.

கேள்வி: ஹைவே ஓட்டலில் 'அலா கார்ட்' என்றார்கள்?

பதில்: மெனு கார்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்வது. விலையும் ஒவ்வொன்றாக ஏறும், அளவுச் சாப்பாடு என்று நினைத்து உட்காராதீர்கள்.

கேள்வி: இன்டர்வியூவில் 'ரெஸ்யூம் கொண்டு வந்திருக்கேன் சார்' என்றேன், சிரித்தார்கள்.
- வாசகர், பர்கூர்

பதில்: 'ரெஸ்யுமே' என்று சொல்லியிருக்க வேண்டும். பிரெஞ்சில் கடைசி 'ஈ' எழுத்தின் தலையில் ஒரு கோடு இருக்கும், இங்கிலீஷில் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள், படிக்கிறவன் மாட்டிக்கொள்கிறான். அந்தச் சொல்லுக்குச் 'சுருக்கம்' என்றுதான் பொருள், ஆறு பக்கம் அடித்துக்கொண்டு போனால் அது ரெஸ்யுமேயே இல்லை. சிரித்தவர்களுக்கும் ஒன்று: பிரான்ஸில் வேலைக்குக் கொடுக்கும் அந்தத் தாளை 'சே வே' என்பார்கள், அதாவது சி.வி. அங்கே போய் 'ரெஸ்யுமே' என்றால், எதன் சுருக்கம் என்று கேட்டாலும் கேட்பார்கள். சரி, ஓசூர் ரோஜாவைக் கட்டி 'பொக்கே' என்று விற்கிறோமே, கடைசி 'டி'யை விழுங்கிவிட்டு, அதைப் பிரெஞ்சுக்காரனும் அப்படியேதான் சொல்கிறான்.